டபுள் பேரல் டீச்சரின் பின் சீட்டு

உலகத்திலேயே துப்பாக்கிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்ட ஒரே மனுஷி எங்கள் தெரு டபுள் பேரல் டீச்சர்தான். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சத்தியம் செய்வேன். அந்த பெல்ட் போட்ட வேனில் ஏற மாட்டேன் என்று ஒருவர் வருஷக்கணக்காக அடம்பிடித்தார். அவரை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தான் டீச்சர் இத்தனை சட்டதிட்டமும் பார்த்தார் என்பது எனக்கு வெகு நாள் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஸ்டியரிங் பக்கமே போயிருக்க மாட்டேன்.

மதுரை ஞானஒளிவுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று தெருவில் சொல்வார்கள். அவரிடம் படித்தவர்களைக் கேட்டால், எதையும் இரண்டு முறை கேட்பார், அதனால்தான் என்பார்கள். "பால்ல தண்ணி கலக்கலல்ல? கலக்கலல்ல?" என்று அவர் இரண்டாவது தடவை கேட்கும்போது பால்காரர் கலந்ததை ஒத்துக்கொண்டுவிடுவார்.

துப்பாக்கி அவருடைய கணவருடையது. தெருவில் அவரை 'சார்' என்றே சொல்வோம். வாடிப்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காட்டுப்பன்றி இறங்கி வேரைக் கிண்டிப் போடும் என்று சார் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் தோப்புக்குப் போகிற வழியில் நெஞ்சுவலியில் சார் போய்விட்டார். அதற்கப்புறம் டீச்சர் அலைந்து திரிந்து வாரிசு என்ற முறையில் லைசென்ஸைத் தன் பெயருக்கு வாங்கினார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "எதுக்கும்மா ஒங்களுக்கு இந்த வயசுல துப்பாக்கி?" என்று கேட்டதற்கு, "ஒழுங்கா கொண்டு போறதுக்கு" என்றாராம். சுடுவதற்கு என்று அவர் சொல்லவே இல்லை. கடைசிவரை அவர் சுட்டதை யாரும் பார்த்ததும் இல்லை. பன்றிகளை அவர் வகுப்பறைக் குரலிலேயே விரட்டிவிடுவார்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வாகன நஷ்டஈட்டுப் பிரிவில் இருக்கிறேன். இடிந்த வண்டி, கவிழ்ந்த வண்டி, எரிந்த வண்டி, எல்லாம் எனக்கு ஃபைல். பேய் குறுக்கே வந்தது, சாமி பிரேக்கைப் பிடித்தது என்று யார் எழுதிக் கொடுத்தாலும் சிரித்துவிட்டு, டயர் தேய்ந்திருந்ததா என்று பார்க்கிற ஆள். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் எங்கள் கேட்டைத் தட்டினார்.

"தம்பி, ஒங்களுக்கு வேன் ஓட்டத் தெரியும்ல? தெரியும்ல?"

"தெரியும் டீச்சர்."

"நாளைக்கு என்னையத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. துப்பாக்கியும் வருது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ரொம்ப அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

"நீங்களே நல்லா ஓட்டுவீங்களே டீச்சர்?"

"ஓட்டுவேன். ஆனா லைசென்ஸ் வெச்சிருக்கவ கண்ணும் கையும் துப்பாக்கி மேல இருக்கணும். பொது எடத்துல அப்படித்தான் கொண்டு போகணும். ஸ்டியரிங்கப் புடிச்சா கை எங்க மிச்சம்?"

"நான் அதத் தொட வேண்டியதில்லையே?"

"தொட்டீங்கன்னா உள்ளதான். நானே வந்து சாட்சி சொல்லுவேன்."

மறுநாள் அவர் வாசலில் நடந்ததைப் பார்த்தபோது பூஜை போலத்தான் இருந்தது. துப்பாக்கியை மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, என்னைக் குழல் வழியே பார்க்கச் சொன்னார். ஒரு குழலில் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது, இன்னொன்றில் எங்கள் மாடியில் காய்ந்துகொண்டிருந்த என் லுங்கி. "காலியா? காலியா?" என்றார். காலி என்றேன், இரண்டு தடவை. பிறகு அதைக் கான்வாஸ் உறையில் போட்டு, பின் சீட்டில் இடப்பக்கம் ஒல்லிப் பிள்ளையை உட்கார வைத்தது போல நிமிர்த்தி வைத்து பெல்ட் போட்டார். தோட்டாக்கள் ஒரு ரஸ்க் டப்பாவில், டப்பாவுக்குச் சின்னப் பூட்டு, சாவி அவர் கழுத்துச் சிலுவையோடு சேர்ந்து தொங்கியது. டப்பா வேனின் கடைசியில், ஸ்டெப்னிக்குப் பின்னால். "துப்பாக்கியும் தோட்டாவும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே கூடாது" என்றார், காதலர்களைப் பிரித்து வைக்கும் ஹாஸ்டல் வார்டன் போல.

டீச்சருடைய அந்த வேனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இடப்பக்கத்துத் தள்ளுகதவு முழுசாக மூடாது. நாலு விரல் இடைவெளியில் முட்டிக்கொண்டு நிற்கும். மிச்சத்தை நைலான் கயிற்றால் கட்டுவோம். கதவு ஓடுகிற தண்டவாளம் தேய்ந்துவிட்டது என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொன்னார்கள், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இரண்டாவது, பின் சீட்டின் இடப்பக்கத்துக்கு நேர் மேலே, கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு எம்-சீல் வைத்து அடைத்த இடம். மேலே வெள்ளைப் பெயிண்ட். "ஒழுகுச்சு" என்று மட்டும் சொன்னார் டீச்சர். ஒழுகுகிற கூரை மேலேயிருந்து உள்ளே நசுங்கியிருக்கும். இது உள்ளேயிருந்து மேலே புடைத்திருந்தது. என் ஆபீஸ் கண் அதைக் கவனித்தது, ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பரவை தாண்டியதும் போலீஸ் வண்டி சோதனை. இளவயசு எஸ்.ஐ. ஒருவர் ஜன்னலில் குனிந்தார்.

"கடைசில டப்பால என்னம்மா?"

"தோட்டா."

"பின் சீட்டுல?"

"துப்பாக்கி."

"முன்னாடி?"

"இன்சூரன்ஸ்காரர்."

அந்த எஸ்.ஐ. மூன்றிலும் என்னைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட்டார். டீச்சர் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டினார். அவர் புரட்டிவிட்டு, "சரி, போங்கம்மா" என்றார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"எப்படிப் போக? தொறந்து பாத்தீங்களா? உள்ள காலியா இல்லையான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? பாக்காமப் போகச் சொல்றதுக்கா ஒங்கள வெயில்ல நிறுத்தி வெச்சிருக்காங்க?"

"அம்மா, பின்னாடி வண்டி நிக்கிதும்மா..."

"நிக்கட்டும். காலியான்னு பாக்கணும். பாத்து, காலின்னு வாயால சொல்லணும்."

பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. எஸ்.ஐ. ரோட்டோரம் நின்று, இரட்டைக்குழல் வழியே வானத்தைப் பார்த்து, "காலி" என்றார். "ரெண்டும்?" என்றார் டீச்சர். "ரெண்டும் காலிம்மா" என்றபோது அவருக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் நாங்கள் போகும்போது எங்கள் வெள்ளை ஆம்னி வேன் தூரத்தில் தெரிந்தாலே அவர் வேறு வண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்.

துப்பாக்கியை வண்டியில் தனியாக விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த இன்னொரு சட்டம். ஆகவே வழியில் டீ கிடையாது. ஒரு தடவை அவசரத்துக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தார். பங்க் ஊழியர் பணப்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "எனக்கு பாத்ரூம் சாவி போதும்ப்பா" என்றார் டீச்சர்.

இதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் வாடிப்பட்டிக்கு அப்புறம் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும்.

தோப்புக்குப் போகிற சாலை ஒரு கண்மாய்க் கரை மேலே போகும். கண்மாயில் தண்ணீர் பார்த்து எத்தனை வருஷமோ, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரையின் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் எல்லைக் கருப்பு, கையில் அரிவாளும் உருட்டிய கண்ணுமாக நிற்பார். கிளைகளில் நேர்ந்துகொண்டவர்கள் கட்டின வெண்கல மணிகள். மரத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர், ஊர்க்காரர்களே போட்டது, ஆளை ஒரு முழம் தூக்கிப் போடும். நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது எப்போதும் உச்சி வெயிலாகிவிடும். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்த நேரத்தில் அந்த நிழலில் ஒதுங்குவதில்லை. காக்கை இல்லை, காற்று இல்லை. மரத்தில் அத்தனை மணி இருந்தும் ஒன்றுகூட அசையாது.

முதல் தடவை அந்த இடத்தில் வண்டி தானாக நின்றது. வெயிலில் பெட்ரோல் சூடேறிக் குழாயில் ஆவியாகிவிட்டால் இப்படி நிற்கும், இதற்கு எங்கள் ஆபீஸில் பெயர்கூட உண்டு. இரண்டாவது தடவையும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவை நானே முந்திக்கொண்டு நிறுத்திவிட்டேன்.

டீச்சர் இறங்குவார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பார். மரத்தைப் பார்த்து நின்று, மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் தூக்கிக் காட்டுவார். வகுப்பறைக் குரல் இல்லை. அதற்கு நேர்மாறாக, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல்.

"பாத்துக்கோங்க. காலி. ரெண்டும் காலி."

அப்புறம் வேனின் இடப்பக்கக் கதவை முடிந்தமட்டும் தள்ளித் திறந்துவைத்துவிட்டு, "ஏறுங்க" என்பார். நான் உடனே ஓடிப்போய் டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்வேன். அவர் மட்டும் கதவுக்கு வெளியே வெயிலில் நிற்பார். நான் கண்ணாடியில் பார்ப்பேன். திறந்த கதவு, காலி சீட், அதற்கு மேலே கூரையில் வெள்ளைத் தழும்பு. வெளியே அவ்வளவு வெயிலிலும் அந்த சீட்டில் மட்டும் நிழல் கொஞ்சம் அதிகமாக இருப்பதுபோல் படும். வெகு நேரம் கழித்து டீச்சர் பெருமூச்சு விட்டு, "சரி, எடுங்க" என்பார். துப்பாக்கிக்கு பெல்ட் போட்டுவிட்டு ஏறுவார். அதற்குப் பிறகு தோப்பு வரும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். திரும்பும்போதும் இதே கதைதான்.

எல்லைக் கருப்பிடம் லைசென்ஸ் காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். போலீஸ் செக்போஸ்ட்டை விடாதவர் சாமி செக்போஸ்ட்டை விடுவாரா? தெருவில் சொன்னேன், தெரு அவருடைய சபைக்குச் சொன்னது. பாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டீச்சர், நீங்க கருப்பு கோயில்ல நின்னு கும்புடுறீங்கன்னு பேச்சு வருது."

"கும்புடல பாஸ்டர். நிக்கிறேன். கும்புடுறதுக்கும் நிக்கிறதுக்கும் வித்தியாசம் ஒங்களுக்குத் தெரியாதா? தெரியாதா?"

பாஸ்டர் தெரியும் என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அந்த வருஷம் மாம்பூ பூத்த சமயம் ஒரு சனிக்கிழமை, கரையில் நின்று கதவைத் திறந்து "ஏறுங்க" என்றார் டீச்சர். நான் வழக்கம்போல ஏறினேன். அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கும் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், நான் ஏறி எம்புட்டு நேரம் ஆச்சு! நீங்க ஏறுங்க டீச்சர்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒங்களையா ஏறச் சொன்னேன்? டிரைவர் ஏறாம வண்டி போகாதுன்னு ஒங்களுக்கே தெரியாதா தம்பி?"

"அப்புறம் யாரச் சொன்னீங்க?"

வேப்பமரத்துக்குக் கீழே, கருப்புக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே இருப்பவருக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மெதுவாகக் காட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு."

நான் என் பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டேன். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கிக்கு பெல்ட்டை மாட்டிக்கொண்டே டீச்சர் சொன்னார். சார் எப்போதும் துப்பாக்கியில் தோட்டா போட்டே வண்டியில் கொண்டுவருவாராம். இரண்டு முழங்காலுக்கு நடுவில் நட்டு வைத்துக்கொண்டு, இதே பின் சீட்டில், இடப்பக்கம். டீச்சர்தான் ஓட்டுவார்.

"லோடு பண்ணி வண்டில கொண்டு வராதீங்க, சட்டப்படி தப்புன்னு அன்னிக்கும் சொன்னேன். 'பன்னி என்ன வாய்தா வாங்கிட்டா வரும்?'னு சிரிச்சாரு. எனக்குக் கோவம். கோவத்துல பிரேக் போடாம இந்த ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்திட்டேன்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமா. மேல போயிருச்சு. குண்டு அவரு மேல படல தம்பி. சத்தம்தான் பட்டுச்சு. ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு அவருக்கு. இந்தக் கதவு வழியாத்தான் எறக்கி அந்த மரத்தடில படுக்க வெச்சோம். அதுக்கப்புறம் அவரு வண்டில ஏறவே இல்ல."

"ஏறலன்னா... ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் கல்லறைக்கு எல்லாம் கொண்டு போனீங்கல்ல?"

"அது ஒடம்பு. அத ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம்."

"டீச்சர், நீங்க பேய் பிசாசெல்லாம் நம்புறீங்களா?"

"சீ! அந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. அவரு என்ன பேயா? எங்க வீட்டுக்காரரு."

இதற்கு மேல் எந்த ஆபீசரும் கேள்வி கேட்க முடியாது. வெறும் வண்டியில் தனியாக வந்தும் கூப்பிட்டுப் பார்த்தாராம். வரவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டு வர மனசில்லையோ என்று நினைத்துத்தான் லைசென்ஸுக்கு அலைந்திருக்கிறார். துப்பாக்கியோடு வந்து, உள்ளே காலி என்று காட்டிக் காட்டிக் கூப்பிட்டார். அப்போதும் வரவில்லை. "பயந்துபோயிட்டாரு தம்பி. நான் கடைசியா அவருகிட்டப் பேசுனது சட்டம்தான். அதையே ஒழுங்கா செஞ்சு காட்டுனா நம்பி ஏறுவாருன்னு பாக்குறேன்" என்றார். அழவில்லை. கணக்கு ஏன் வரவில்லை என்று யோசிக்கிற முகம்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கரை வேறு மாதிரி ஆகிவிட்டது. "ஏறுங்க" என்று அவர் சொன்னதும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள், ஏறிடாதீங்க சார், தயவுசெஞ்சு ஏறிடாதீங்க என்று கெஞ்சுவேன். டீச்சர் பெருமூச்சு விட்டால் எனக்கு உயிர் வரும். அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் வெட்கமாகவும் இருக்கும்.

அப்புறம் அந்தக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. டீச்சருக்குக் கண்ணில் புரை, கையிலும் லேசான நடுக்கம். கோயம்புத்தூரில் இருக்கிற மகள், தன்னோடு கூட்டிப்போவதாகப் பிடிவாதமாக நின்றாள். தோப்பை விற்றாகிவிட்டது. லைசென்ஸ் அன்றோடு முடிகிறது, டீச்சர் புதுப்பிக்கவில்லை. தோப்புச் சாவியைக் கொடுத்துவிட்டு, அப்படியே திரும்பி வந்து துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். "அஞ்சு மணிக்குள்ள வந்துருங்கம்மா" என்று ஸ்டேஷன் ஏட்டு சொல்லியிருந்தார்.

போகும்போது கரையில் நின்றோம். காட்டினார். கூப்பிட்டார். ஒன்றுமில்லை. திரும்பும்போதும் நின்றோம். இனி இந்த ரோட்டுக்கு வருவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை; சொல்லாமலே எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பாத்துக்கோங்க. காலி. ரெண்டும் காலி. இன்னைக்கோட இதையும் குடுத்துருவேன். வாங்க. ஏறுங்க."

மரம் அசையவில்லை. கருப்பு தன் உருட்டுக் கண்ணால் கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊருக்குப் போறேங்க. ஒங்கள இங்க வெயில்ல விட்டுட்டு எப்படிப் போவேன்? சொல்லுங்க. எப்படிப் போவேன்?"

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவை கேட்டும் பதில் வராத ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை நாள் ஏறாதீங்க என்று வேண்டிக்கொண்டவன், வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "சார், ஏறுங்க சார். நான் பாத்து ஓட்டுறேன்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் மெதுவாக ஏறி உட்கார்ந்தார், துப்பாக்கிக்கு பெல்ட் போட்டார். நான் சுற்றி வந்து கதவைத் தள்ளினேன். அன்றைக்கு அது நாலு விரல்கூட வரவில்லை, பாதியிலேயே முட்டிக்கொண்டது. கயிறு எட்டவில்லை. உதைத்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். கோபம் வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். தண்டவாளத்தில் மண்ணும் கிரீஸும் கெட்டித்துப் போயிருந்தன. உள்ளே எதுவோ உருண்டையாகச் செருகிக்கொண்டு இருந்தது. நெம்பினேன். அது 'டக்'கென்று எகிறி, ரோட்டில் விழுந்து, உருண்டு, டீச்சர் இறங்குகிற படிக்கு நேராக வந்து நின்றது.

தோட்டா. பித்தளைப் பூண் பச்சை பூத்துப் போயிருந்தது. சுடாத தோட்டா.

டீச்சர் குனிந்து பார்த்தார்.

"அவரு சட்டைப் பையில எப்பவும் ரெண்டு வெச்சிருப்பாரு" என்றார். "எறக்கும்போது ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கன்னு போலீசும் தேடுச்சு. இந்தக் கதவு வழியாத்தான் எறக்குனோம்."

நான் அதை எடுக்கக் கை நீட்டினேன். "தொடாதீங்க!" என்று வகுப்பறைக் குரல் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இம்புட்டு வருசமா துப்பாக்கியும் தோட்டாவும் பக்கத்துல பக்கத்துல வந்துருக்கு தம்பி. நான் காலி காலின்னு பொய் சொல்லிட்டு நின்னுருக்கேன். அவரு எப்படி ஏறுவாரு? அவருக்குத் தெரியும்ல."

அவரே இறங்கி அதைக் கைக்குட்டையில் எடுத்து, வேனின் பின்பக்கம் போய், ரஸ்க் டப்பாவைத் திறந்து உள்ளே போட்டுப் பூட்டினார். முன்னால் வந்தார். துப்பாக்கியை எடுத்தார். மடக்கினார். குழல் இரண்டும் வெயிலில் மின்னி மின்னி ஆடின.

"இப்பப் பாத்துக்கோங்க" என்றார்.

மரத்தில் ஒரு மணி அடித்தது. ஒரே ஒரு மணி, ஒரே ஒரு தடவை. ஓர் இலைகூட ஆடவில்லை என்பதை நான் கவனித்துப் பார்த்தேன், அதுதான் என் வேலை. டீச்சர் வேகமாக ஏறி வலப்பக்க ஓரத்துக்கு நகர்ந்து, துப்பாக்கியை உறையில் போட்டு மடியில் கிடத்திக்கொண்டார். வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கி நிமிர்ந்தது. நான் ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கதவை நான் தொடவில்லை. அது தானாக நகர்ந்து, தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, 'க்ளிக்'கென்று முழுசாக மூடிக்கொண்டது. கரை அந்த இடத்தில் சரிவு, சரிவில் நிற்கிற வண்டியில் கிரீஸ் இளகினால் கதவு ஓடும். ஆபீஸில் கேட்டால் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

டிரைவர் சீட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். டீச்சர் இடப்பக்க பெல்ட்டை இழுத்தார். காலியான சீட்டின் குறுக்கே, அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமோ அவ்வளவு தூரம் இழுத்து, மாட்டினார். பெல்ட் சீட்டில் படியவில்லை. தொய்வில்லாமல், சீட்டை விட்டுத் தள்ளி, அப்படியே நின்றது.

"எடுங்க தம்பி" என்றார். குரலில் முப்பது வயது குறைந்திருந்தது. "மெதுவா. ஸ்பீட் பிரேக்கர்."

முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவன் மாதிரி அதை ஏற்றி இறக்கினேன். மதுரை வரை நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் டீச்சர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தோப்பு என்ன விலைக்குப் போனது, மகள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, எதிர்வீட்டுத் தம்பி நன்றாக ஓட்டுகிறார், ஆனால் சும்மா சும்மா ஹாரன் அடிக்கிறார். நடுநடுவே பதிலைக் கேட்டுக்கொள்கிற மாதிரி நிறுத்துவார். பின்பு சிரிப்பார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பரவையில் அந்த எஸ்.ஐ. எங்கள் வண்டியைப் பார்த்ததும் திரும்பிக்கொள்ளாமல், என்னவோ தோன்றி, பின் சீட்டைப் பார்த்து சல்யூட் அடித்தார். ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஸ்டேஷனில் துப்பாக்கியையும் ரஸ்க் டப்பாவையும் டீச்சரே கொண்டுபோய் மேஜையில் வைத்தார். பச்சை பூத்த தோட்டா எங்கிருந்து கிடைத்தது என்பதையும் விடாமல் சொன்னார். நான் வாசலில், வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பின் சீட்டைத் தனியாக விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. ஜன்னல் வழியே பேச்சு கேட்டது.

"இந்த வெயில்ல தனியாவா வந்தீங்க டீச்சர்?" என்றார் ஏட்டு.

"இல்லப்பா. வீட்டுக்காரரும் வந்துருக்காரு. வண்டில உக்காந்துருக்காரு."

ஏட்டு எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட்டில் இருந்த என்னைப் பார்த்தார். டீச்சருக்கும் எனக்கும் இருந்த வயசு வித்தியாசத்தை அவர் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, எதற்கு வம்பு என்று, எனக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார். நானும் பதிலுக்கு வைத்தேன்.

திங்கட்கிழமை மகள் கார் கொண்டுவந்தாள். டீச்சர் ஏறவில்லை. "நாங்க நம்ம வண்டிலயே வாரோம்" என்றார். அந்த 'நாங்க' மகளுக்குப் புரியவில்லை, என்னை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். லீவு போட்டுவிட்டு நானே கோயம்புத்தூர் வரை ஓட்டினேன். கதவைக் கயிற்றால் கட்டவில்லை, கட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது எதிர்வீடு வேறு யாருக்கோ வாடகைக்குப் போய்விட்டது. ஆபீஸில் நான் அதே ஆள்தான், டயர் தேய்ந்திருந்ததா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஆனால் என் காரில் தனியாகப் போகும்போதும் ஸ்பீட் பிரேக்கர் வந்தால் எனக்குக் கால் தானாகத் தளர்கிறது. "மெதுவா தம்பி, மெதுவா" என்று பின்னாலிருந்து டீச்சர் இரண்டு தடவை சொல்ல மாட்டாரா என்று இருக்கிறது.